நான்காம் தட்டில் குங்குமம்

24-9-2025, செம்மண்டலம்
ஆறாம் மாதம். எழுந்து உட்காரவே கூடாது என்று மருமகள் வினோதினியிடம் டாக்டர் சொல்லிவிட்டார். சிதம்பரத்தில் ஆராய்ச்சிக்காக அவள் வளர்த்த பழுப்புக் கடற்பாசி நான்கு கண்ணாடித் தட்டுகளில் நம் ஏசி அறைக்கு வந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பும். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி பேராசிரியரிடம் நான்கு தட்டுக்கும் கணக்கு காட்டாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு. எண்ணப்போவது நான்.

26-9
பாசி முடியிழை மாதிரி. நடுவில் உருண்டை செல், நுனியில் நீள செல். தான் நடுவில் இருப்பது அதற்கு எப்படித் தெரியும் என்றேன்.
"அதான் அத்தை என் கேள்வியே. ரெண்டு செல்லுக்கும் நடுச்சுவர்ல பொடி ஓட்டைங்க இருக்கு. அது வழியா சேதி போவுதானு பாக்கணும்."
பக்கத்து வீட்டு பவானி மதில் சந்தில் குழம்புக் கிண்ணம் நீட்டுவாளே, அப்படியா என்றேன். சிரித்தாள்.
"நீட்டுறது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு இழையிலயும் ஒரு செல்ல லேசர்ல கொன்னிருக்கேன். பக்கத்து செல் மாறுதானு எண்ணுங்க."

29-9
முருகா, கண் வலிக்கிறது. நான்கு தட்டையும் ஒரு சுற்று எண்ணி முடித்தேன்.

1-10
ஆயுத பூஜை. அரிவாள்மணை, மைக்ராஸ்கோப், தட்டு மூடிகள் — எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மறுபடி எண்ண நான்காம் மூடியைத் திறந்தேன், மேலிருந்த குங்குமம் உள்ளே கொட்டிவிட்டது. ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்! முந்தாநாள் எண்ணிக்கையையே போட்டுவிடலாமா? விளக்கு எரிகிறது. அதன் முன்னால் பொய் எண் எழுதக் கை வரவில்லை.

2-10
சொல்லிவிட்டேன்.
"சாமி கும்புட வேற எடமே கெடைக்கலியா அத்தை?" சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நோட்டில் எழுதினேன்: தட்டு 4, குங்குமம் விழுந்தது, தவறு என்னுடையது. மற்ற மூன்றை விடமாட்டேன்.

5-10
பேச்சில்லை. எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி காபி டம்ளருக்கு அடியில் வைக்கிறேன். இன்று காலி டம்ளரோடு சீட்டு திரும்பியது: 'இரண்டாம் தட்டு மறுபடி.' எண்ணினேன். ஆறு விட்டிருந்தேன்.

10-10
செத்த செல்லுக்குப் பக்கத்து உருண்டை நீள்கிறது! பக்கத்தில் ஆள் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டதா? ஓடிப்போய்ச் சொன்னேன்.
"எத்தினி அத்தை?"
பதினோரு இழையில் ஒன்பது.
கையைப் பிடித்துக்கொண்டாள்.

15-10, சிதம்பரம்
பஸ்ஸில் தட்டுகள் வைத்த ஐஸ் பெட்டி மடியிலேயே இருந்தது. அவளுடைய பேராசிரியர் சடையப்பன் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.
"குங்குமம் யாரும்மா?"
"நான்தான் சார்."
"எண்ணுனது?"
"அதுவும் நான்தான்."
மூன்று போதும் என்றார். புதிதாக நான்காம் தட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார்.

17-10
வெள்ளிக்கிழமை. பொட்டு வைத்துக்கொண்டு, சோப்பு போட்டு இரண்டு முறை கை கழுவினேன்.
"மூணு தடவ, அத்தை!" — உள்ளேயிருந்து.
மூன்றாம் முறையும் கழுவிவிட்டுப் புதுத் தட்டைத் திறந்தேன்.