பிலிப்பாவுக்குக் கட்டிய ஆறு பூச்சிகள்

பிப்ரவரி 24, சனி

காலை முழுவதும் சமையலறை மேஜையில் தூண்டிலுக்குப் போலிப் பூச்சி கட்டினேன். தூண்டில் முள்ளின் மேல் முயல் காது ரோமத்தைச் சுற்றி, முன்னால் கௌதாரி இறகை வைத்து இறுக்கினால், மார்ச் மாதம் ஆற்றில் பறக்கும் பழுப்புப் பூச்சிதான். மீன் ஏமாறும். பதினான்கு தேறின. என் வீட்டுக்காரர் இத்வல் பால் லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தபோது அவர் தட்டில் ஓர் இறகு கிடந்தது. எடுத்துக் கீழே போட்டுவிட்டுச் சாப்பிட்டார். முப்பது வருடப் பழக்கம்.

மீன் பிடிக்க ஆற்றைத் திறந்துவிட இன்னும் எட்டு நாள்.

மாலையில் என் சிநேகிதி ஓல்வென் வந்தாள். கிறிஸ்துமஸோடு நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு. முகத்தில் பத்து வயது குறைந்திருக்கிறது. "திறக்கிற அன்னிக்குப் பிலிப்பாவையும் கூட்டிட்டு வரேன்டி நெஸ்டா. பாவம், ஊருக்குப் புதுசு" என்றாள். பிலிப்பா லண்டனில் பல் டாக்டராக இருந்தவள். இங்கே பழைய சிற்றாலயத்தை வாங்கி வீடாக்கி, ஏணியிலிருந்து விழுந்து, குளிர்காலம் முழுக்க ஓல்வெனின் கையால் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவள்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது? ஆனால் எங்களிடம் இருப்பது ஒரே தூண்டில் கோல், ஓல்வெனின் அப்பாவுடையது. பத்தொன்பது வருடமாக இருவருக்கும் அதுதான். ஒருத்தி வீசுவாள். மற்றவள் பின்னால் நின்று ட்ரவுட் மீன் எங்கே மேலே வருகிறது என்று சொல்வாள். ஒரு மீனைப் பிடித்தாலோ தவறவிட்டாலோ கோல் கை மாறும். இதில் மூன்றாவது ஆள் எங்கே நிற்பாள்?

மார்ச் 3, ஞாயிறு

மழை. தண்ணீர் தேநீர் நிறம். பிலிப்பா புதுக் கோல், புது ரப்பர் கால்சட்டை, புதுத் தொப்பியோடு வந்தாள். ஓல்வென் அவள் மணிக்கட்டைப் பிடித்து வீசக் கற்றுக்கொடுத்தாள். எங்கள் கோல் என் கையில்.

"நீ போய்ப் பிடிடி. உனக்குத்தான் யாரும் வேண்டாமே" என்றாள் என்னிடம்.

இரண்டு பிடித்தேன். திரும்பினால் பின்னால் யாரும் இல்லை. இரண்டையும் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தேன். எத்தனை என்று அவள் கேட்கவும் இல்லை.

மார்ச் 4, திங்கள்

உனக்குத்தான் யாரும் வேண்டாமே — அப்படியென்றால் என்ன?

மார்ச் 14, வியாழன்

இறைச்சிக் கடையில் நின்றபோது கடைக்காரர் சொன்னார்: "நேத்து மத்தியானம் உங்க ரெண்டு பேரையும் பாலத்துகிட்ட பாத்தேன். நல்லா சிரிச்சிட்டிருந்தீங்க."

நேற்று மத்தியானம் நான் பள்ளிச் சமையலறையில் நூற்று எண்பது பிள்ளைகளுக்குக் கஸ்டர்ட் ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்தப் பழுப்புப் பூச்சிக்கு ஒரு கெட்ட பழக்கம். சரியாக ஒரு மணிக்கு நீரிலிருந்து கிளம்பும், இருபது நிமிடம் பறக்கும், அவ்வளவுதான். அந்த இருபது நிமிடமும் நான் கரண்டியோடு நிற்கிறேன். அவர்கள் என் பூச்சிகளை வைத்துக்கொண்டு ஆற்றில் நிற்கிறார்கள்.

ஆட்டுக்கறி வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

இத்வல் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியை வைத்தார். "நான் யார்கூடப் போனாலும் நீ கேட்டதில்ல. ஓல்வென் வேற ஆளோட ஆத்துக்குப் போனா எனக்கு உப்பில்லாத சாப்பாடு."

"எனக்கொண்ணும் இல்ல."

"அதான் தெரியுதே."

பொறாமை என்று அவர் சொல்லவில்லை. நானே எழுதிவிடுகிறேன். பொறாமை. எழுதிப் பார்த்தாலும் குறையவில்லை.

மார்ச் 30, சனி

ஈஸ்டர் விடுமுறை. ஒரு வாரமாகப் பள்ளி இல்லை. ஓல்வெனுக்கும் தெரியும். கூப்பிடவில்லை.

பன்னிரண்டரைக்கு நானாகவே பாலம் வரை நடந்தேன். கீழே இருவரும். பிலிப்பாவின் புதுக் கோல் கரையில் சும்மா சாய்ந்திருந்தது. ஓல்வெனின் அப்பா கோல் பிலிப்பா கையில். ஓல்வென் பின்னால், நான் நிற்கும் இடத்தில் — இல்லை, நாங்கள் மாற்றி மாற்றி நிற்கும் இடத்தில். பிலிப்பா வீசினாள். ஒரு மீன் வந்தது, தவறவிட்டாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மீனைத் தவறவிட்டால் சிரிப்பார்களா? நானும் ஓல்வெனும் ஒருநாளும் சிரித்ததில்லை. எங்கே தப்பு என்று நான் உடனே சொல்லிவிடுவேன்.

பிறகு ஓல்வென், "இப்ப என் முறை, குடுடி" என்றாள்.

அவளுக்கும் 'டி'யாம், மூன்று மாதப் பழக்கத்தில்.

ஐம்பத்தாறு வயதில் முள்வேலிக்குப் பின்னால் குனிந்து அரைமணி நேரம் நின்றேன். ஆடு ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஓல்வென் வந்தாள், எதுவும் நடக்காதது போல. கல்லில் சுட்ட கேக் மூன்று தின்றாள். பாலத்தடி மீன் மறுபடி அதே ஆல்டர் மரத்தடியில் நிற்கிறதாம். மூன்று வசந்தமாக நாங்கள் இருவரும் துரத்தும் மீன் அது. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம் இருக்கும்.

"எனக்கு ஆறு பூச்சி கட்டிக் குடுடி. அவளுக்கும் ஒரு ஆறு. கடையில விக்கிறதெல்லாம் குப்பை."

"எல்லாம் சொல்லிட்டியா அவகிட்ட, அந்த மீனப் பத்தியும்?"

"அது என்ன ராணுவ ரகசியமா?"

எனக்கு ரகசியம்தான்.

ஏப்ரல் 4, வியாழன்

செய்துவிட்டேன். எழுதினால்தான் நிம்மதி.

ஓல்வெனுக்கு ஆறு, ஒழுங்காக. பிலிப்பாவுக்கு ஆறு — கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முள்ளின் வளைவையும் குறட்டால் கொஞ்சம் திறந்து, மறுபடி மூடினேன். மூன்று முள் அப்போதே ஒடிந்தன. தப்பிய ஆறின் மேல் ரோமம், இறகு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சின்ன மீன் வரும். பெரிய மீன் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

என்னுடைய கட்டு எப்போதையும்விட அழகாக வந்திருந்தது. தனித் தீப்பெட்டியில் வைத்து, மேலே அவள் பெயரை எழுதினேன். பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நேற்று மாலை கொடுத்தனுப்பினேன். ஆற்றில் வெள்ளம், யாரும் இறங்க முடியாது. ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிற்க வேண்டும் என்றும் தோன்றுகிறது, நிற்கக் கூடாது என்றும்.

ஏப்ரல் 13, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

ஓல்வென்தான் கூப்பிட்டாள், மூவரும் போவோம் என்று. போனோம். பதினொரு மணிக்கே பிலிப்பா என்னுடைய பூச்சிகளில் மூன்றை மரத்தில் மாட்டித் தொலைத்துவிட்டாள். ஓல்வென் தன் பெட்டியை நீட்டினாள். "இத நீ வெச்சுக்கோ, இதுல ஆறும் இருக்கு. உன் தீப்பெட்டிய எனக்குக் குடு."

பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். சொல்ல நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஊரெல்லாம் என் வாயைப் பற்றித்தான் பேசும். அந்த வாய் இன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

ஒரு மணிக்குப் பூச்சி கிளம்பியது. ஓல்வென் மடுவில் இடுப்பளவு நீரில். ஆல்டர் மரத்தடியில் அது மேலே வந்தது, அவசரமே இல்லாமல். அவள் வீசினாள். அப்படி ஒரு வீச்சை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. மீன் எடுத்தது. கோல் வளைந்தது, கயிறு சீறிக்கொண்டு போனது. மூன்று முறை ஓடியது. நாலாவது ஓட்டத்தில் கோல் நிமிர்ந்துவிட்டது.

ஓல்வென் கயிற்றைச் சுருட்டிப் பூச்சியைப் பார்த்தாள். ரோமம் இருந்தது, இறகு இருந்தது, வளைவுக்குக் கீழே முள் இல்லை. முதலில் சிரித்தாள். "நீ சொல்லிட்டே இருந்தியேடி, பின்னாடி வீசும்போது கைய தாழ்த்துற, கல்லுல பட்டு முள்ளு ஒடியும்னு. பத்தொம்பது வருஷமா சொன்ன." பிறகு அழுதாள். நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவள், சாவுகளைப் பார்த்தவள், தண்ணீரில் நின்றுகொண்டு அழுதாள்.

பிலிப்பா சொன்னாள்: "கல்லுல எங்கயும் படலையே. நான் பின்னாடிதானே நின்னேன்."

"பட்டிருக்கும்" என்றேன்.

நான்தான் சொன்னேன். பட்டிருக்கும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பாட்டுக் குழுவில் ஓல்வென் எனக்குப் பக்கத்தில் நிற்பாள். அவ மூஞ்சியப் பாத்து எப்படிப் பாடுறது?

ஏப்ரல் 19, வெள்ளி

ஓல்வென் வீட்டுக்குப் போனேன். கோல் உறையில், கதவுக்குப் பின்னால்.

"எனக்கு இது வராதுடி. இத்தன வருஷத்துக்கப்புறமும் கல்லுல அடிக்கிறேன்னா விட்டுர வேண்டியதுதான். பிலிப்பா வீசட்டும், நான் பின்னாடி நிக்கறேன்."

"ஒரு மீன் போனா என்ன?"

"மீன் இல்லடி." கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். "உன்கூட நிக்கும்போது நான் எப்பவும் தப்பு பண்றவ. அவகூட நின்னா அது தோணல. இந்த வருஷம்தான் எனக்கும் கொஞ்சம் வருதுன்னு நெனச்சேன். நீ சொன்னதுதான் சரி."

அவள் ஏன் போனாள் என்று இரண்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இதோ பதில். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நான் சொன்னதுதான் சரியாம்.

ஏப்ரல் 24, புதன்

பள்ளியிலிருந்து வந்தால் கோல் என் வீட்டில். ஓல்வென் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாளாம். "நெஸ்டாவே வெச்சுக்கட்டும்னு சொன்னா" என்றார் இத்வல்.

எனக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. கோல் என்னிடம். இனி பிலிப்பா கை அதில் படாது. உறையைத் திறக்கவே முடியவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

மிச்ச இரண்டு பூச்சிகளை வாங்கிவிட வேண்டும், யாருக்கும் தெரியாமல். தீப்பெட்டி ஓல்வென் கையிலிருந்து மறுபடி பிலிப்பாவிடம் போய்விட்டது. சிற்றாலயத்துக்குப் போனேன். "இறகு சரியா இல்ல, மாத்திக் கட்டித் தரேன்" என்றேன்.

பிலிப்பா உள்ளே போய்த் தீப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். இரண்டும் நான்கு துண்டாகக் கிடந்தன.

"விரலால கொஞ்சம் இழுத்தேன், அவ்வளவுதான். நாப்பது வருஷம் பல்லுக்குக் கம்பி மாட்டினவ நான். வளைச்சு நிமித்தின கம்பி எப்படி ஒடியும்னு எனக்குத் தெரியாதா?"

"ஓல்வென்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. அத நீங்கதான் சொல்லணும். ஆனா சீக்கிரம் சொல்லுங்க. அவங்க தன்மேலயே பழி போட்டுட்டு இருக்காங்க, பாக்க முடியல."

தேநீர் வேறு கொடுத்தாள். குடித்தேன். பதிமூன்று நாளாக இவளுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் ஓல்வென் முழுசாக இவள் பக்கம். சொல்லவில்லை. நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்துகிறாள். அங்கே உட்கார்ந்தபோதுகூட எனக்கு இதுதான் தோன்றியது. நான் என்ன ஜென்மம்?

ஏப்ரல் 27, சனி

கோலை எடுத்துக்கொண்டு ஓல்வென் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன், குறடு முதல் தீப்பெட்டி வரை. "பட்டிருக்கும்" என்றதையும்.

அவள் கத்தவில்லை. "அப்ப நான் கல்லுல அடிக்கல" என்றாள்.

"இல்ல."

"அந்த வீச்சு?"

"நான் பாத்ததிலேயே நல்ல வீச்சு."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி."

கையை நீட்டினாள். கோலைக் கொடுத்தேன். கதவை மூடிக்கொண்டாள். மெதுவாகத்தான் மூடினாள்.

மே 4, சனி

கடைத்தெருவில் பார்த்தேன். ஓல்வென் தூண்டில் கடையிலிருந்து வெளியே வந்தாள். கையில் சின்னக் காகிதப் பை. கடைப் பூச்சி வாங்கியிருக்கிறாள். குப்பை என்பாளே, அதையே.

அடித்திருந்தால் வலித்திருக்காது.

மே 12, ஞாயிறு

பாட்டுக் குழுவில் ஓர் ஆள் தள்ளி நின்றாள். பாட்டுப் புத்தகத்தை என் பக்கமும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். பழக்கதோஷமாக இருக்கலாம்.

மே 18, சனி

காலையில் ஓல்வென் தொலைபேசியில்: "ஆத்துக்குப் போறோம். வந்தா வா. வாயத் தொறக்கக் கூடாது."

போனேன். பிலிப்பா நகர்ந்து இடம் விட்டாள். நான் பின்வரிசையில், வலையோடு. ஓல்வென் கடைப் பூச்சியை வீசினாள். ஆல்டர் மரத்தடியில் எதுவும் இல்லை, அந்த மீன் போய்விட்டது. ஆனால் மேலே, சலசலப்பின் ஓரத்தில், ஒரு நல்ல ட்ரவுட் வந்து வந்து போனது. அவள் பார்க்கவில்லை. பிலிப்பாவும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன், இரண்டு மணி நேரம். கடைசியில் ஓல்வெனே கண்டுபிடித்தாள். தானாக.

மூன்றாவது வீச்சில் எடுத்தது. நான் நீரில் இறங்கி வலையில் ஏந்தினேன். முக்கால் முழம் இருக்கும். ஓல்வென் சிரித்த சிரிப்பை நான் பத்தொன்பது வருடத்தில் பார்த்ததில்லை. மீனை விட்டோம். அவள் கோலைத் துடைத்து, திரும்பி, பிலிப்பாவிடம் கொடுத்தாள்.

வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. வலையை அலசிவிட்டு என் இடத்துக்கு வந்து நின்றேன். அதற்கடுத்து யார் முறை என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.