ஆறு மணிச் செய்தி

ஃபெர்கஸ் ஃபால்ஸ், மின்னசோட்டா
பிப்ரவரி 4, 2013

அன்பு மகள் மேரனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இங்கே ஏரி இன்னும் உறைந்து கல்லாகத்தான் கிடக்கிறது. சிக்கல் வீட்டுக்குள். டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் கேபிள் பெட்டி நிரம்பிவிட்டது. வெர்னா கேக் போட்டியைப் பதிவு செய்கிறாள், அவள் உட்கார்ந்து பார்ப்பதற்குள் அது மாயமாகிவிடுகிறது. கம்பெனிக்குப் போன் செய்தேன். "இடம் இல்லன்னா பழசுதான் முதல்ல போகும் சார், எதையாவது அழிங்க" என்றான் அந்தப் பையன். பெட்டி முழுக்க ஆறு மணிச் செய்திதான். நீ வானிலை சொன்ன நாட்கள். அவற்றை எப்படி அழிப்பேன்? வெர்னா கழுவிய பாத்திரங்களையே இரண்டாம் தடவை கழுவுகிறாள். அவள் கோபம் அப்படித்தான் வெளியே வரும்.

அழிக்காமல் இடம் உண்டாக்க வழி இருந்தால் எழுது. உனக்குத் தெரியாததா.

பாசமுள்ள அப்பா,
ஓரின்


டுலூத்
பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வழி ஒன்றுதான். என்னை அழித்துவிடுங்கள்.

உண்மையாகத்தான் சொல்கிறேன். "ஜனங்களுக்குப் புதுமுகம் வேணுமாம் மேரன், தப்பா எடுத்துக்காதே" என்று சிரித்துக்கொண்டே என்னை வெளியே அனுப்பினார்கள். இன்று டயர் கடைக் கவுண்டரில் நிற்கிறேன். அந்தப் பழைய முகத்தை யாருக்காகக் காக்கிறீர்கள்? அம்மா போய் வருஷம் திரும்புவதற்குள் அவள் நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைக்க முடிந்தது. என் வானிலை அறிக்கை மட்டும் உங்களுக்குப் புனிதமாகிவிட்டதா?

உங்கள் மனைவி நிம்மதியாகக் கேக் பார்க்கட்டும்.

மேரன்


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
பிப்ரவரி 18

மேரனுக்கு,

அவளுக்குப் பெயர் இருக்கிறது. வெர்னா. மூன்றே எழுத்து, எழுதினால் பேனா உடைந்துவிடாது.

அழிக்க மாட்டேன். அந்தப் பதிவுகள் உன்னுடையவை என்று நினைத்தால் தப்பு. உனக்கு அந்த வேலை கிடைத்த அன்று, தினமும் ஆறு மணிச் செய்தியைப் பதிவு செய்யும்படி பெட்டிக்குச் சொல்லிவைத்தவள் உன் அம்மா. ரிமோட்டைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு, "இனிமே அவ தினமும் நம்ம வீட்டுக்கு வருவா, பாருங்க" என்றாள். நீ போன பிறகும் பெட்டி அவள் சொன்னதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது தலையில் எண்ணெய் வழிய ஒருவன் வந்து பனி வரும் என்கிறான், அவனையும் பதிவு செய்கிறது. நான் எதையும் போட்டுப் பார்ப்பதில்லை, மனசு வரவில்லை. அது ஓடுகிறது, அதுவே எனக்குப் போதும். என் லோயிஸ் இந்த வீட்டில் சொல்லிவைத்ததில் நடந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான்.

"அந்த எண்ணெய்த்தலையனையாவது நிறுத்துங்களேன்" என்று வெர்னா கேட்டாள். நான் கத்திவிட்டேன். அவள் துணிமணியைக் கட்டிக்கொண்டு அலெக்ஸாண்டிரியாவுக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். உனக்குச் சந்தோஷம்தானே.

அப்பா


டுலூத்
பிப்ரவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

சந்தோஷம் இல்லை. அதைப் பிறகு பேசுவோம், முதலில் இதைப் படியுங்கள். அந்தப் பெட்டியில் எதையும் தொடாதீர்கள்.

பிஸ்மார்க்கில் ஒரு சேனலில் காலை வானிலைக்கு ஆள் எடுக்கிறார்கள். என் கடிதம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. திரையில் நான் பேசியது ஒன்றாவது மார்ச் பாதிக்குள் வேண்டுமாம். என்னிடம் இருந்ததெல்லாம் போன ஜூன் வெள்ளத்தில் கம்ப்யூட்டரோடு மூழ்கிவிட்டது. பழைய சேனலுக்கு எழுதினேன், பதில் இல்லை. அப்பா, எனக்கு உங்கள் பெட்டிதான் கதி. அழிக்கச் சொன்னவளே இப்போது கெஞ்சுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். இது கைவிட்டுப் போனால் இன்னொரு வாய்ப்பு வராது. முப்பத்தெட்டு வயதுக்காரியை யார் கூப்பிடப்போகிறார்கள்?

பதிவை அந்தப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க முடியாது, கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது. டிவியில் ஓடவிட்டு எதிரே கேமராவைப் பிடித்தால் போதும். நீங்களே எடுத்து அனுப்புங்கள். நான் வரமாட்டேன். அந்த நாற்காலியைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மேரன்


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
மார்ச் 2

என் கண்ணே மேரன்,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. உன் கடிதம் வந்ததும் பெட்டியைத் திறந்தேன். முதல் பதிவில் எண்ணெய்த்தலையன். அடுத்ததிலும் அவன்தான். கீழே கீழே போனேன், திறந்து பார்த்ததெல்லாம் அவனே. நீ இல்லை.

அந்தப் பையன் போனில் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. பழசுதான் முதலில் போகும். அவன் தினமும் வந்து உட்கார, பெட்டி தினமும் உன்னை ஒவ்வொரு நாளாக வெளியே தள்ளியிருக்கிறது. வெர்னாவின் கேக் காணாமல்போனபோதே நீ மொத்தமாகப் போய்விட்டிருக்கிறாய். உன் அம்மாவின் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னைத் தொலைத்துவிட்டேன்.

வேறு யாரைக் கூப்பிடுவது? வெர்னாவுக்குப் போன் செய்தேன். "பட்டியலோட கடைசி வரிக்குப் போங்க. பக்கத்துல சின்னதா பூட்டு படம் இருக்கும்" என்றாள்.

இருந்தது. நீலச் சட்டையில் நீ. அம்மாவின் கடைசிப் பிறந்தநாள் அன்று சொன்ன அறிக்கை. பனி, காற்று, சாலை எல்லாம் தெளிவாகச் சொல்லி முடித்துவிட்டு, "ஃபெர்கஸ் ஃபால்ஸ்ல லோயிஸ் ட்வெய்ட், வெளியே போகாதீங்க, இன்னிக்கு உங்க பிறந்தநாள். கேக்கை அப்பாவே வாங்கிட்டு வரட்டும்" என்கிறாய்.

வெர்னா இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எதையோ தேடும்போது இது ஓடியிருக்கிறது. "அந்தப் பேரைக் கேட்டதும் இது அழியக் கூடாதுன்னு பூட்டிட்டேன். மத்ததும் அழியுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா எல்லாத்தையும் பூட்டியிருப்பேன்" என்றாள். தன் கேக் ஒவ்வொன்றாகப் போனபோதும் இதன் பூட்டை அவள் எடுத்துவிடவில்லை. என்னிடம் சொல்லிக்காட்டவும் இல்லை.

எண்ணெய்த்தலையனை நிறுத்திவிட்டேன். படம் எடுத்தும் பார்த்தேன், உன் முகத்தைவிட என் கட்டைவிரல்தான் நன்றாகத் தெரிகிறது. நீயே வந்தால்தான் ஆகும். "அந்தப் பொண்ணு வந்துட்டுப் போற வரைக்கும் நான் அக்கா வீட்டிலேயே இருந்துக்கறேன்" என்கிறாள் வெர்னா. வா, மகளே.

அப்பா


டுலூத்
மார்ச் 6

அன்புள்ள வெர்னா அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டு முகவரியை அப்பாவிடம் கேட்டு வாங்கினேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் ஃபெர்கஸ் ஃபால்ஸுக்கு வருகிறேன். நீங்கள் வீட்டில் இருந்தால்தான் உள்ளே வருவேன். இல்லையென்றால் வாசலிலிருந்தே காரைத் திருப்பிவிடுவேன், வேலை போனாலும் போகட்டும். அம்மாவின் பிறந்தநாளை அந்த வீட்டில் காப்பாற்றியது நீங்கள். நான் உங்கள் பெயரைக்கூட எழுதவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரிமோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவிடம் கொடுத்தால் கடைசி ஒன்றையும் அழித்துவிடுவார். முடிந்ததும் கேக் போட்டியில் எது மிச்சமிருக்கிறதோ அதைப் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

நாற்காலியை எனக்காகக் காலி செய்ய வேண்டாம். நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். கேமராவைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கத்தான் வேண்டும்.

உங்கள்,
மேரன்