பத்து இலட்சத்து ஒன்பது

போன கிழமை உன் மனைவி உன்னுடைய கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். அட்டையில் இன்னும் இரும்புத் தூளும் கிறீஸும் மணக்கின்றன. "இது உங்களுக்குத்தான் விளங்கும் எண்டு சொல்லுவார், சேர். நாங்க வச்சு என்ன செய்யிற?" என்றார். அதைத் திறக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

நடுப்பக்கத்தில் 1000009.

நூலக மண்டபத்தில் முதன்மை எண்களைப் பற்றி நான் பேசிய அந்தப் பின்னேரம். நான் கணிதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் அதிபர் முன்வரிசையில் இருந்தார். இந்த எண்ணைப் பலகையில் எழுதி, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் இது மீதியின்றி வகுபடாது என்றேன். எங்கோ வாசித்தது. நான் வகுத்துப் பார்த்ததே இல்லை. கிண்ணியாவில் வெல்டிங் பட்டறையைப் பூட்டிவிட்டு நேரே வந்திருந்த நீ, பின்கதிரையிலிருந்து எழும்பினாய். பள்ளிக்கூட நாள் முதல் என்னை "டேய்" என்று கூப்பிடுகிறவன், அன்று சபைக்காகச் "சேர்" என்றாய்.

"சேர், இத நான் போட்டுப் பாத்திருக்கன். ஆயிரத்தின்ட வர்க்கத்தோட மூண்டின்ட வர்க்கத்தக் கூட்டினா இது வருது. இருநூத்தி முப்பத்தஞ்சையும் தொளாயிரத்தி எழுபத்திரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டினாலும் இதுதான் வருது. முதன்மை எண்ணெண்டா இப்பிடி ரெண்டு வர்க்கத்தின்ட கூட்டா ரெண்டு வழியில வராதே?"

அந்த விதி எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் அதை நிறுவிக்கூடக் காட்டியிருக்கிறேன். நீ சொல்லி முடிக்கும்போதே நான் பிழைவிட்டிருக்கிறேன் என்று விளங்கிவிட்டது. அந்த வர்க்கங்களைப் பலகையில் பெருக்கிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் அதைச் செய்யவில்லை.

"வெல்டிங்காரர் இரும்பை ஒட்டுவார் எண்டுதான் நினைச்சன். எண்ணையும் உடைப்பாரோ?" என்றேன்.

மண்டபம் சிரித்தது. அதிபரும் சிரித்தார். நீயும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமலே கணக்குப் பார்த்தேன். 293ஐ 3413ஆல் பெருக்கினால் 1000009. நீ சொன்னதுதான் சரி.

அடுத்த கிழமை கிண்ணியாப் பாலத்தடியில் சந்தித்தோம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ, "டேய், அம்மாட சீனி வருத்தம் எப்பிடி?" என்றாய். அம்மாவைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகும் எத்தனையோ தரம் சந்தித்தோம்; ஒவ்வொரு தரமும் சொல்லாமல் விட எனக்கு ஒரு சாட்டு இருந்தது. ஒரு நாள் நெஞ்சுவலியென்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டு ஓடி வந்தேன். அதற்குள் உயிர் போய் மௌத்தாகிவிட்டாய் என்றார்கள்.

கொப்பியில் 293ஐ 3413ஆல் பெருக்கிய அதே கணக்கு இருக்கிறது. கீழே உன் கையெழுத்து: "அவன் கேட்டாக் காட்டணும். ஆக்களுக்கு முன்னால வேணாம்."

முந்தாநாள் அதே மண்டபத்தில் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். எழும்பி நின்று, அன்று நான் சொன்னது பிழை என்றும், திருத்திய மனிதரை, அவர் பக்கம்தான் சரி என்று தெரிந்துகொண்டே கேலி செய்தேன் என்றும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். முன்னால் இருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இத நீங்கள் அவரிட்டச் சொன்னனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

இனி எத்தனை பேருக்கு முன்னால் சொன்னாலும் அந்த விடை மாறாது. அதைச் சுமந்துகொண்டுதான் இன்று காலை வகுப்புக்குப் போனேன்.