மூன்றரை அடி வாசல்

காலையிலிருந்து என் சேலையில் பலா மரத்தூளின் வாசம். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கீழே எனக்கென்று எழும்பும் வீட்டுக்கு இன்று வாசல் நிலை இழைக்கிறார்கள். "டீச்சர், அகலம் எவ்வளவு வைக்க?" என்று தச்சு பாஸ் கேட்டார். மேட்டில் பூட்டிக் கிடக்கும் உன் வீட்டைக் காட்டி, "அந்த வாசல அளந்துட்டு வாங்க" என்றேன்.

உன் கணவரின் சவப்பெட்டியை லயத்து ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து எடுத்தபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். கதவு குறுகல், தாண்டியதும் முன்தாழ்வாரமான இஸ்தோப்பின் சுவர். பெட்டி திரும்பவில்லை. ஒருக்களித்துச் சரித்துத்தான் எடுத்தார்கள். அன்று நீ அழவில்லை. வெகுநாள் கழித்து, ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "உள்ள அவரு உருண்ட சத்தம் கேட்டுச்சு டீச்சர். என்னைய அப்படிச் சரிக்க விடாதீங்க. என் சொந்த வாசல்ல, நேரா தூக்கணும்."

உனக்கு வீடு கட்ட இடம் கிடைத்ததும் லயமே திரண்டு வந்தது. ஞாயிறுதோறும் கூலியில்லாச் சிரமதானம். லொறி மேலே ஏறாது என்பதால் மணலும் கல்லும் ஆள்மாற்றி ஆள் தலையில் ஏறின. சுவர் கோணினால் நான் விடமாட்டேன். ஒரு முறை எழுப்பிய சுவரைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். மேசன் முகம் சுளித்தபோது நீ சிரித்தாய்: "கான்வென்ட்டுல படிச்ச கண்ணு. மட்டப்பலகையும் பயப்படும்."

மூன்றரை அடி நிலையைப் பார்த்துப் பக்கத்துக் காம்பராக்காரி கேட்டாள்: "ஏங்கக்கா, யானை கட்டப் போறீங்களா?"

"ஆமா, உன்னத்தான்" என்றாய். காரணம் எனக்கு மட்டுமே தெரியும்.

நிலை வைத்த காலையில் அவளே நம்மிடம் வந்து, தாலி இழந்தவர்கள் தொட வேண்டாம் என்பதை மெதுவாகச் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அழைக்காத இடத்தில் நிற்பவள் அல்ல நான், நகர்ந்துவிட்டேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய். "என் வீட்டு நிலைய நான் தொடாம யாருடி தொடுவா? டீச்சர், அந்தப் பக்கம் பிடிங்க." பிடித்தேன். நிலை நின்றது.

கூரைத் தகடுகள் வந்து சுவரோரம் சாய்ந்திருந்தன. அந்த வாரமே ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

லயத்திலேயே வைக்கலாம் என்றார்கள் ஆண்கள். கூரையில்லை, மழை விடவில்லை, பால் காய்ச்சாத வீட்டுக்குள் பிணம் போகலாமா என்றார்கள். நீ சொன்னதை நான் சொன்னேன். யானை என்று கேலி செய்தவள்தான் முதலில் எழுந்தாள். "அப்ப கூரையப் போடுங்கப்பா. என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

மழையிலேயே போட்டார்கள். பெண்கள் தகடு தூக்கிக் கொடுத்தார்கள். ஒருவன் கையைக் கிழித்துக்கொண்டான். மறுநாள் உன் வாசல் வழியாக உன்னைத் தூக்கியபோது நான் நிலையோடு ஒட்டி நின்று காது கொடுத்தேன். பெட்டி சரியவில்லை. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

இரண்டு விதவைகள் தொட்ட நிலை, அதுதான் உன்னைக் கொண்டுபோனது என்று பிறகு பேசினார்கள். கொழும்பிலிருந்து வந்த உன் மகனும் அதை நம்பினான். பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் தந்து போனான். இன்றுவரை அந்த வீட்டில் பால் பொங்கவில்லை. வீட்டுக்காரியாக முதலும் கடைசியுமாக அந்த வாசலைத் தாண்டியது நீதான். கரையான் ஏறாமல் நான் கூட்டி வைக்கிறேன்.

நாளை என் நிலையை வைக்கிறார்கள். இந்த முறை யாரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. "மத்தப் பக்கம் யாரு டீச்சர் பிடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்கள்.

நீ பிடித்து இழுத்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.