கலங்கரை விளக்கமும் உன் மாடியும்

என் வாயைப் பொறுக்க முடியாமல் மகள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டவளுக்கு,

எனக்கு எழுத வராதென்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, இன்றிரவு நாங்கள் தங்கியிருக்கிற விடுதிக்காரர் எழுதுகிறார். உன் தெருவைத் தாண்டித்தான் அவர் வீடு, போகும்போது கொடுத்துவிடுவார்.

உன் மகன் கடற்கரைச் சாலையில் என்னை வடக்கே ஊர் சுற்றிக் காட்ட அழைத்துவந்தான். காலையிலிருந்து ஒரே மழை. கடல் எது, வானம் எது என்றே தெரியவில்லை. கலங்கரை விளக்கத்துக்கு டிக்கெட் வாங்கி, மூச்சு வாங்க ஏறி, மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

“சூப்பரா இருக்குல்லப்பா?”

“சோறு வடிக்கிறப்ப அடுப்படியிலயும் இதாண்டா தெரியும்.”

கூட வந்த மருமகள் அந்த மேகத்தையும் படம் எடுத்தாள்.

அடுத்து, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு தெருவில் வண்டியை நிறுத்தினான். நிமிர்ந்தால், மகள் வீட்டு மாடியில் நீ நனைந்த துணிகளை அள்ளிக்கொண்டிருக்கிறாய். இதற்குத்தான் இத்தனை சுற்று! நானென்ன மடையனா?

“இறங்குங்கப்பா. நீங்க கூப்பிட்டா அம்மா வந்துருவாங்க.”

“மழை பேஞ்சப்புறம் துணி எடுக்கிறவளப் பாக்கவாடா இவ்வளவு பெட்ரோல்? வண்டிய எடு.”

எடுத்துவிட்டான்! அப்பன் சொன்னால் உடனே எடுத்துவிடுவதா? கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டாமா? எல்லாம் உன் வளர்ப்பு.

நாளைக் காலை அதே தெரு வழியாகத் திரும்புகிறோம். நான் இறங்க மாட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் பின் சீட்டில் என் பக்கத்தில் யாரையும் உட்கார விடவில்லை. கோபம் ஆறாவிட்டாலும் ஏறிக்கொள். வழி நெடுக என்னைத் திட்டு. இவர்கள் காட்டுகிற கடலுக்கு அது எவ்வளவோ தேவலை.

உன் வீட்டுக்காரன்