கலவா மீனுக்குத் தைத்த தொட்டில்

இன்று காலை லாரி சீட்டுக்குப் புது ரெக்சின் சுருளைப் பிரித்தேன். வாசனை கிளம்பியதுமே உன் முகச்சுளிப்பு கண்முன் வந்து நின்றது. "இந்த நாத்தத்துல எப்படிக்கா நாள்பூரா இருக்கீய?" என்பாய். கருவாட்டு வாடையில் வளர்ந்த தூத்துக்குடிக்காரி, அதை நீ சொல்லலாமா?

ஓசூர் காலேஜில் விலங்கியல் பாடம் நடத்திக்கொண்டு, என் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தாய். லீவு நாளெல்லாம் என் வெட்டுமேசையில்தான் உன் ஆராய்ச்சித் திட்டம் வளர்ந்தது. பெரிய கலவா மீன். பவளப்பாறை இடுக்கில் ஆள் உயரத்துக்கு வளருமாம், பிடிக்கக் கூடாது என்று சட்டமாம்.

"பெட்டையா வளந்து, பொறவு சிலது ஆணா மாறும்னு சொல்லுதாவ. எந்த வயசுல, எந்த அளவுலன்னு தெரியணும்க்கா."

"மாறினதும் 'சோறு போடுடி'ன்னு அதட்டுமா மேடம்?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் டீ முழுக்கக் காகிதத்தில்.

மீனைக் கொல்லக் கூடாது. வலையில் தவறிச் சிக்கியதைத் தண்ணீர் நிரப்பிய ரெக்சின் தொட்டிலில் கிடத்தி, அளந்து, ஆணா பெட்டையா என்று பார்த்து, வயது பார்க்கத் துடுப்பில் ஒரு துணுக்கு நறுக்கி, உடனே விட்டுவிட வேண்டும். அதற்கும் சர்க்காரிடம் அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருந்தாய். தொட்டில் என் பொறுப்பு. கைப்பழக்கத்தில் டிரைவர் சீட்டு மாதிரி உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, டைமண்டு தையலும் போட்டுவிட்டேன்.

"அக்கா, மீனு பெங்களூருக்கா லாரி ஓட்டப் போவுது? இந்தத் தையல் உரசுனா மேல உள்ள வழவழப்பு போயிரும். புண்ணு வந்து செத்துரும்."

எல்லாவற்றையும் பிரித்து, தையல் வெளிப்பக்கம் வரும்படி மறுபடி தைத்தேன். ஒத்திகைக்கு மீன் வேண்டுமே? நாலு மாசம் லீவு நாளெல்லாம் நானே படுத்தேன். நீ டேப்பும் கடிகாரமுமாக நின்று, "மீனு பேசாதுக்கா!" என்று அதட்டினாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. காரியம் முடிந்த வாரம் உன்னோடு வேலை பார்த்த சார் வந்தார். உன் காகிதங்கள் என்னிடம் இருந்தன.

"எழுதுனவங்களே இல்லீங்க. அனுமதி கேட்டதை வாபஸ் வாங்கிக்கலாங்கக்கா."

"எழுதுனவதான் போயிட்டா சார். மீனு அங்கதானே இருக்குது? மனுவுல ரெண்டாவது பேரு உங்களுதுதானே, அதை மேல ஏத்துங்க."

"உங்களுக்கு இதுல என்னங்க?"

"நாலு மாசம் மீனா படுத்தவ சார் நான். புதுசா எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அப்பதான் அவ பேப்பரைத் தருவேன்."

அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பார். நான் அழவில்லை, வாசலை மறித்து நின்றேன். போட்டார்.

நாலாங்கிளாஸ் தாண்டாத என் தலையில் உன் கேள்வி ஏறி உட்கார்ந்துவிட்டது: எந்த வயதில், எந்த அளவில்? இறக்கிவைக்க மாட்டேன். சனிக்கிழமை தவறாமல் சாருக்குப் போன் போடுகிறேன். நான் வாய் திறக்கும் முன்பே, "அனுமதி இன்னும் வரலீங்கக்கா" என்கிறார்.

"பரவால்ல சார். அடுத்த சனிக்கிழமை பேசறேன்."