யார் பக்கம் என்று கேட்காதே

கேரத்,

ஓவன் அடுப்புக்குள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஷெப்பர்ட்ஸ் பை இருக்கிறது, சூடாக்கினால் போதும். டோபி ஸ்கூல் விட்டு வந்ததும் கொடு, அவனுக்குப் பட்டாணியைப் பொறுக்கி எடுத்துவிடு. லீட்ஸ் கோர்ட்டில் இன்றும் வழக்கு, நான் வர இருட்டிவிடும்.

"ஜெயிச்சுட்டு வந்து எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று நேற்றுக் கத்தினாயே, கேள். பெற்றோர் பிரிந்த ஒரு சிறுமி. பெயர் சொல்லக் கூடாது. யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று கோர்ட் அதிகாரி கேட்டதற்கு, "எனக்கு எதுன்னாலும் சரி" என்றிருக்கிறாள். அப்பாவின் வக்கீல் நான். "அப்பாகூட இருக்கச் சம்மதம்னு குழந்தையே சொல்லிட்டா" என்று அடித்துப் பேசினேன். நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்ததும் அந்த அப்பன், "என் பொண்டாட்டி மூஞ்சி போன போக்கைப் பாத்தீங்களா?" என்று சிரித்தான். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் "பிரமாதம்டி" என்று என் தோளைத் தட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து காபி குடித்தோம்.

சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

ரோவேனா

பி.கு.: நேற்று நம் சண்டைக்கு நடுவில், "யார் சொல்றது சரி, நீயே சொல்லுடா" என்று டோபியை இழுத்தாய். நானும் தடுக்கவில்லை. என் பக்கம் பேசுவான் என்று காத்திருந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே அவன் என்ன சொன்னான், ஞாபகம் இருக்கிறதா?

"எனக்கு எதுன்னாலும் சரி."